பத்தாயத்தின் மேலே படித்தவள்

பள்ளி இறுதிப் பரீட்சைக்கு நான் படித்தது ஒரு பத்தாயத்தின் மேலே உட்கார்ந்து. நெல் போட்டு வைக்கிற பெரிய மரப்பெட்டி அது. எங்கள் வீட்டு நடு அறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும். மேலே ஏற முக்காலி வேண்டும். அதன் மேல் பாய் விரித்து, ஜன்னல் பக்கமாகப் புத்தகங்களை அடுக்கி, என்னை ஏற்றி உட்கார வைத்தவர் அப்பாதான்.

"கீழ இருந்தா ஆளாளுக்கு ஒரு வேலை சொல்லுவாவ. மேல ஏறி இருந்தா ஒருத்தரும் கூப்பிட மாட்டாவ, கேட்டியா மக்கா" என்றார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதம் என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. ஒரு தட்டுகூட நான் கழுவவில்லை. வாய்க்கால் கரையில் வல்லாரை பறித்து வந்து அம்மா தினமும் காலையில் துவையல் அரைத்தாள். சாப்பிட இறங்கினால் நேரம் போகும் என்று சோற்றை உருட்டி அண்ணாந்து கையை நீட்டுவாள். நான் குனிந்து வாங்கிக்கொள்வேன். கூட்டுக்குள் இருக்கிற குஞ்சுக்கு ஊட்டுகிற மாதிரிதான் இருந்திருக்கும், பார்க்கிறவர்களுக்கு.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாக இருந்த காலம் அது. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்குத் திரும்பிவிடுவார்கள். நாகர்கோவில் வரை போய், பள்ளி இறுதி வகுப்பான ஆறாம் பாரம் படித்தவள் நான் ஒருத்திதான். பரீட்சையில் பாஸானால் ட்ரெயினிங் பள்ளியில் சேர்த்துவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அப்புறம் நான் டீச்சர். கையில் குடையும் கைக்கடிகாரமுமாக பஸ்ஸில் ஏறிப் போவதை நான் பத்தாயத்தின் மேல் உட்கார்ந்து தினம் பத்துத் தடவையாவது பார்த்துவிடுவேன். அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே கிடையாது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

அப்பா படித்தது நாலாம் வகுப்பு. ஆனால் நான் ஒப்பிப்பதைக் கேட்கிறவர் அவர்தான். புத்தகத்தைத் தன் மடியில் விரித்து வைத்துக்கொண்டு பத்தாயத்தில் சாய்ந்து உட்காருவார். நான் மேலிருந்து சொல்லச் சொல்ல விரலை ஓட்டிக்கொண்டே வருவார். எங்காவது திணறினால் பலகையில் 'டொக்' என்று ஒரு தட்டு. திரும்ப முதலிலிருந்து. இப்படிக் கேட்டுக் கேட்டு அவருக்கே பாதிப் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது. வயல் வரப்பில் எதிரே வருகிறவரை நிறுத்தி, "முக்கோணத்துக்குள்ள மூணு கோணத்தையும் கூட்டினா ரெண்டு செங்கோணம். தெரியுமா ஓய்?" என்று கேட்பார். அவர் என்ன சொல்வார் பாவம், மண்வெட்டியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அது கும்பப்பூ என்கிற மாசி, பங்குனி அறுப்புக் காலமும்கூட. பரீட்சையும் அறுப்பும் எங்கள் பக்கத்தில் எப்போதும் சேர்ந்துதான் வரும். எங்கள் களம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. கட்டு கொண்டுவந்து போடுவதும், அடிப்பதும், மாடு கட்டி மிதிக்க விடுவதும், தூற்றுவதும், அளப்பதுமாக ஒரே சத்தமாக இருக்கும். அந்த வருஷம் அப்பா தன் நெல்லையெல்லாம் தெற்கே இன்னொருவர் களத்துக்குக் கொண்டு போனார். அறுப்புக்காரர்கள் கூடுதலாக நடக்க வேண்டியிருந்ததால் முணுமுணுத்தார்கள். "பிள்ளைக்குப் பரீட்சை" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை.

எனக்கு அதில் ஒரு வருத்தம். களத்தில் நெல் அளக்கும்போது மரக்கால் எண்ணிக்கை சொல்வது எட்டு வயதிலிருந்து என் வேலை. 'ஒன்று' என்று சொல்லக்கூடாது, 'லாபம்' என்று தொடங்க வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று நான் ராகம் போட்டு எண்ணினால் ஒரு மரக்கால் தப்பாது. எனக்குக் கணக்கு வரும் என்பது அந்தக் களத்தில்தான் முதலில் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் அங்கேதான் தெரிந்தது.

கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்கு என்ன ஆயிற்றோ, படித்தது எல்லாம் கழுவிவிட்டாற்போல் போய்விட்டது. பதினாறாம் வாய்ப்பாடு சொல்லத் தெரியவில்லை. பத்தாயத்திலிருந்து இறங்கி ஓடிப் போய் வாழை மூட்டில் வாந்தி எடுத்தேன். அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா செம்பில் தண்ணீர் கொண்டு வந்து என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"தோத்தா தோத்துட்டுப் போ மக்கா. உலகமா இடிஞ்சு விழுந்துரும்? எப்படி எழுதினாலும் எங்கிட்ட மறைக்காமச் சொல்லணும், அவ்வளவுதான். மறைச்சாத்தான் எனக்குக் கோவம் வரும்."

இந்த வார்த்தைகளை நான் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. அப்படியேதான் சொன்னார்.

மறுநாள் வண்டி கட்டி அவரே என்னைக் கொண்டுபோய் விட்டார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மரத்தடியில் மோர்ச் செம்போடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஊர் வந்து சேரும் வரை ஒவ்வொரு கணக்காகச் சொல்லச் சொல்லி, வண்டிப் பலகையில் கரித்துண்டால் போடவும் வைத்தார். எல்லாம் சரியாக வந்தது, இரண்டு மூன்று தவிர. அவற்றுக்குக்கூடப் பாதி மார்க் கிடைக்கும் என்று இருவருமாகத் தீர்மானித்தோம். அந்தப் பலகையை அவர் நாலைந்து நாள் துடைக்காமல் வைத்திருந்தார்.

சித்திரையில் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. இரணியல் பக்கம் கட்டிக் கொடுத்து, சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். ஒரு குலை மட்டிப்பழத்தோடு வந்து நாலு நாள் தங்கினாள். அவளுக்கு ஒரே மகன். எனக்கு முறை. இதே பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை எழுத மாட்டேன் என்று வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். அத்தையும் அப்பாவும் தோப்பில் நின்று நெடுநேரம் பேசினார்கள். அண்ணனும் தங்கையும் பேசுவதற்கு ஆயிரம் இருக்கும் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வைகாசியில் பரீட்சை முடிவு வந்தது. பாஸானவர்களின் நம்பரைப் பள்ளிக்கூடத்துப் பலகையில் ஒட்டுவார்கள். நானும் வருகிறேன் என்றேன். "கூட்டத்துல நீ எதுக்கு? நான் போய்ப் பாத்துட்டு வாறேன்" என்று அப்பா விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். என் நம்பர் அவருக்கு மனப்பாடம். ஒரு மாதமாக அதைச் சொல்லிக்கொண்டே இருந்தவர்.

மத்தியானம் திரும்பி வந்தார். வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவினார். முகம் கழுவினார். மறுபடியும் கால் கழுவினார். நான் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே ஏறி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "மக்கா, நம்பர் இல்ல" என்றார்.

சொல்லிவிட்டு அழுதார். சும்மா கண்ணைக் கசக்கிக்கொள்கிற அழுகை இல்லை. தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் அழுகை எனக்கு மறந்தே போயிற்று. இத்தனை பாடுபட்ட மனுஷரைக் கடைசியில் அழ வைத்துவிட்டேனே என்றுதான் நெஞ்சு வெடித்தது. அவர் காலில் விழுந்து, "மன்னிச்சிருங்கப்பா" என்றேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தவில்லை. அப்படியே நின்றார்.

பிறகு அவர் அடுப்படிக்குள் போனார். அங்கிருந்து அம்மா வந்து என் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். "அந்தக் கணக்குதான் உன்னைக் கவுத்திட்டு" என்றாள். கணக்கு என்று அவளுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கணக்காகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். முந்தின நாள் வாய்ப்பாடே மறந்தவள் அல்லவா. சரியாக எழுதிவிட்டதாக எனக்குத்தான் பிரமை போலிருக்கிறது. அந்த வண்டிப் பலகையில் போட்டதெல்லாம் நானும் அப்பாவும் கூட்டாகக் கண்ட கனவு.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா என்னை அம்மன் கோவிலுக்குக் கூட்டிப் போனாள். உப்பும் மிளகும் வாங்கி என் இரண்டு கைகளிலும் கொடுத்து, மூன்று சுற்று சுற்றிவந்து போடச் சொன்னாள். உப்பும் மிளகும் அம்மை இறங்கினால் போடுகிற நேர்ச்சை. பரீட்சையில் தோற்றதற்கு இது எதற்கு என்று கேட்டேன். "நேர்ச்சைன்னா நேர்ச்சை. போடு" என்றாள். போட்டேன். அம்மன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, தோற்றவள் என்பதால்.

ஆவணியில் எனக்கும் அத்தை மகனுக்கும் கல்யாணம் நடந்தது. 'இஷ்டமா' என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தார். தோற்றவளுக்கு என்ன இஷ்டம்? தலையை ஆட்டினேன்.

அத்தானைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனுஷர், நன்றாகச் சிரிக்க வைப்பார். "ஏட்டி, தோத்தவளே, குடிக்க வெள்ளம் எடுத்துட்டு வா" என்பார். "தோத்தவருக்கு எதுக்கு வெள்ளம்?" என்பேன். "நான் ரெண்டு வட்டம் தோத்தவன். உன்னைவிட நான் பெரிய ஆளு பாத்துக்கோ" என்பார். எங்கள் குடும்ப வாழ்க்கை இந்தக் கேலியில்தான் ஓடியது. நான் தன்னைவிடத் தாழ்ந்தவளும் இல்லை, உயர்ந்தவளும் இல்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி. எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் நான் விட்டுவிட்டேன். அறுப்புக்குப் பிறந்த வீட்டுக்குப் போனால் களத்துப் பக்கம் போக மாட்டேன். அப்பா ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவார். "வந்து எண்ணிக் குடு மக்கா" என்பார். என்னால் முடியாது. நடுவில் தப்பிவிடுவேன் என்று பயம். அரிசி களையும்போது நாழி எண்ணுவதற்கே இரண்டு தடவை பார்ப்பேன். கணக்கு எனக்குத் துரோகம் செய்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் ஐந்து.

ஐந்தாவது வருஷம் அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. அவர்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு எழுத்தர் வேலை காலியாகப் போகிறது. பள்ளி இறுதிப் பரீட்சை பாஸாகியிருக்க வேண்டும். "ரெண்டு பேருமா சேர்ந்து எழுதுவோமா? நீ எனக்குச் சரித்திரம் சொல்லிக்குடு, நான் உனக்கு..." என்று நிறுத்தி, "எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயே எல்லாம் சொல்லிக்குடு" என்றார். பழைய புத்தகங்களைத் தேடி எடுத்து அட்டை போட்டார். எனக்கு உள்ளுக்குள் அந்தக் குடையும் கைக்கடிகாரமும் எழுந்து உட்கார்ந்துகொண்டன. திரும்ப எழுதுவதற்குப் பழைய பள்ளிக்கூடத்தில் என்னுடைய சர்டிபிகேட் புத்தகத்தை வாங்கி, அதோடு மனுப் போட வேண்டும் என்றார்கள்.

அறுப்புக்காகப் பிறந்த வீடு வந்திருந்த சமயம், வளையல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். தோற்ற கதையை அப்பா முன்னால் மறுபடி எடுத்து அவரை நோகடிக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. என் கரிசனத்தைப் பாருங்கள்.

பள்ளிக்கூடத்து குமாஸ்தா நல்லவர். என் வருஷத்தைச் சொன்னதும் பெரிய பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். நம்பரைக் கண்டுபிடித்தார். விரலை ஓட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பாஸானவங்க எதுக்குத் திரும்ப எழுதணும்?"

நம்பர் மாறியிருக்கும் என்றேன். பெயரைப் பார்க்கச் சொன்னேன். அவர் பதிவேட்டையே என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயர், அப்பா பெயர், வீட்டுப் பெயர். கணக்கு எழுபத்தொன்று. மொத்தத்தில் வகுப்பில் நான் நான்காவது. கடைசிக் கட்டத்தில், 'பெண்ணுக்கு அம்மை. தந்தை நேரில் வந்து புத்தகம் பெற்றுக்கொண்டார்' என்று எழுதி, கீழே அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி, கடைசியில் ஒரு கோடு இழுத்து, அவர் போடுகிற அதே கையெழுத்து. தேதி, அவர் வாய்க்காலில் இரண்டு தடவை கால் கழுவின அந்த நாள்.

உப்பும் மிளகும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

கூடப் படித்தவர்கள் ஒருவரும் ஏன் என்னைத் தேடி வரவில்லை என்பதும் சேர்த்தே விளங்கியது. அம்மை போட்ட வீட்டுக்கு யார் வருவார்கள்? வாயால் சொல்லவே பயப்படுகிற நோயைப் பெற்ற மகளின் பேரில் சொல்லியிருக்கிறார்.

பஸ் இறங்கி நேராகக் களத்துக்குப் போனேன். தூற்றிய நெல்லைப் பொலியாகக் குவித்து அளந்துகொண்டிருந்தார்கள். அப்பா மரக்காலோடு குனிந்து நின்றார். அத்தையும் வந்திருந்தாள், ஓரத்தில் நெல் புடைக்கிற சுளகோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் அப்பாவுக்கு முகம் எல்லாம் சிரிப்பு.

"வா மக்கா, வா. இந்த வருஷமாவது வந்து எண்ணு."

எண்ணினேன். லாபம் என்று தொடங்கினேன். ராகம் தானாக வந்தது. அறுப்புக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்து, இருபது, முப்பது என்று ஏற ஏற என் குரலும் ஏறியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. எழுபது வந்தது, எழுபத்தொன்று வந்தது. நிறுத்தினேன். அப்பா எழுபத்திரண்டாவது மரக்காலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கணக்குல எனக்கு எழுபத்தொண்ணு, இல்லையாப்பா?" என்றேன்.

மரக்கால் நெல் அப்படியே அவர் கையில் இருந்தது. போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அத்தை சுளகை எடுத்துக்கொண்டு எழுந்து வீட்டைப் பார்த்துப் போனாள்.

அப்பா என்னை வைக்கோல் போருக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே நின்று பேசினார். தங்கை புருஷன் செத்த அன்றைக்கே அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம், உன் மகனுக்கு என் மகள் என்று. சித்திரையில் வந்தவள் அதை ஞாபகப்படுத்தினாளாம். "ரெண்டு வட்டம் தோத்த பயலை, பாஸான பிள்ளை ஏறெடுத்துப் பாக்குமா அண்ணேன்னு கேட்டா. எனக்குப் பதில் சொல்ல முடியல மக்கா."

"அப்போ என்னை எதுக்குப் படிக்க வச்சிய? எதுக்குப் பத்தாயத்துல ஏத்தினிய?"

"படிக்க வைக்கும்போ இது நெனப்புலயே இல்ல. சத்தியமா இல்ல. பலகையில உன் நம்பரைப் பாத்துட்டு அங்கயே நின்னு அழுதேன், சந்தோசத்துல. பஸ்ஸுக்குக் காத்து நிக்கும்போதான் அவ மொகம் நெனப்பு வந்துது. திரும்பிப் போய் அம்மைன்னு சொல்லிப் புத்தகத்தை வாங்கிட்டேன்."

அதை நான் நம்பினேன். நம்பாமல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று மாதம் பத்தாயத்தில் ஏற்றிச் சோறு போட்டதெல்லாம் வேஷம் என்றால், ஒரே வெறுப்பாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். உண்மையாகத்தான் படிக்க வைத்தார். உண்மையாகத்தான் அழுதார். பஸ்ஸுக்குக் காத்து நின்ற அந்த ஒரு மணி நேரத்தில் என்னை விற்றுவிட்டு வந்தார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்குப் பரிசு கொடுக்கிறவர் மாதிரி சொன்னார்.

"ஊருக்குத் தெரியாட்டா என்ன மக்கா? எனக்குத் தெரியும்லா நீ பாஸுன்னு. நான் ஒருத்தன் தெரிஞ்சு வச்சிருக்கேன்லா. அது போதாதா?"

அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்குள் போய், "எம் புத்தகம் எங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கண்ணால் பத்தாயத்தைக் காட்டினாள். அதில் விதைநெல்லுக்கென்று ஓரத்தில் தனியாக ஒரு சின்ன அறை உண்டு. திறந்தேன். வெள்ளைத் துணியில் சுற்றி இருந்தது. ஐந்து வருஷமாகப் பிறந்த வீடு வரும்போதெல்லாம் நான் அந்தப் பத்தாயத்தில் சாய்ந்துதான் உட்கார்ந்து கதை பேசியிருக்கிறேன். புத்தகத்தில் மார்க் எழுதியிருக்கிற பக்கம் மட்டும் ஓரம் அழுக்கேறி மடங்கியிருந்தது. அடிக்கடி எடுத்துப் பார்த்திருக்கிறார். என் பாஸை அவர் தனியாக உட்கார்ந்து அனுபவித்திருக்கிறார்.

"நீயும் சேர்ந்துதானே?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மைன்னு சொன்னதுதான் தப்பு" என்றாள் அவள். "அதுக்கு அன்னைக்கே சண்டை போட்டேன். உப்பும் மிளகும் போட்டுத் தீத்தாச்சுல்லா?"

மற்றது எதையும் அவள் தப்பாக நினைக்கவில்லை. அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று மட்டும்தான் பயந்திருக்கிறாள். நான் கோபித்துக்கொள்வேன் என்பது அவர்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

அன்றைக்கே புறப்பட்டு வீடு வந்து சேர்ந்தேன். அத்தான் படுக்கையில் சரித்திரப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். "புக்கு கிட்டிச்சா, தோத்தவளே?" என்றார். புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு பாடத்து மார்க்காகப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அம்மா கேட்ட கேள்வியையும் சேர்த்தே சொன்னேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்து, "அப்போ நான் மட்டும்தான் தோத்தவனா?" என்றார். அதைக் கேலியாகச் சொல்லப் பார்த்தார், வரவில்லை.

மறுநாள் அட்டை போட்ட புத்தகங்களைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், எழுதவே இல்லை. 'தோத்தவளே' என்று கூப்பிடுவதும் அன்றோடு நின்றது. ஆனால் ஒரு வாரம் கழித்து நாகர்கோவில் போனவர், ட்ரெயினிங் பள்ளி மனுவோடு வந்து மேசையில் வைத்தார். "போடு. இன்னும் வயசு தாண்டல" என்றார்.

நானே நிரப்பினேன். கீழே ஒரு கோட்டின் அடியில் 'பாதுகாவலர் கையெழுத்து' என்று இருந்தது. எப்படியோ விஷயம் தெரிந்து அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு பழம், சட்டைப்பையில் பேனா. அவர் சட்டைப்பையில் பேனா இருந்து நான் பார்த்ததே இல்லை, புதிதாக வாங்கியிருக்கிறார். மனுவைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூடியைக் கழற்றினார்.

"நான் போடுதேன் மக்கா. உன்னைப் படிக்க வச்சவன் நான்லா?"

மனுவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீங்க அஞ்சு வருஷத்துக்கு முந்தியே போட்டாச்சுப்பா" என்றேன்.

அவர் பேனாவை மூடவில்லை. நான் மனுவை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன்.